புகையிலையை விட்ட உடல்

மலையடிவாரத்து அலிபிரிச் சாவடியை நேயர்களில் பலர் கண்டிருப்பீர்கள். திருமலைக்கு ஏறும் வண்டிகளையும் மூட்டை முடிச்சுகளையும் அங்கே சோதித்த பின்னரே மேலே விடுகிறார்கள். மதுவும் இறைச்சியும் மட்டுமல்ல, பீடி, சிகரெட்டு, சுருட்டு எதற்கும் மலைமேல் இடமில்லை. வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர்கள் நெடுந்தூரம் ரயிலில் வந்து, திருப்பதியில் இறங்கிக் குளித்து, அடிவாரத்துக் கடையோரம் நின்று கடைசிச் சிகரெட்டை அவசர அவசரமாகப் புகைத்து முடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். 1944-ஆம் ஆண்டில் வண்டிப்பாதை திறக்கப்படுவதற்கு முன், நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் மலையேற வேண்டியிருந்தது. இன்றும் அலிபிரி வழியே நடந்து செல்பவர் 3,550 படிகள் ஏறுகிறார். புகைப்பவருக்குக் காலிகோபுரம் வருமுன்பே மூச்சு வாங்கும். இஃது எதிர்பார்த்ததே. அதற்குப் பின் வருவதைத்தான் பலரும் எதிர்பார்ப்பதில்லை.

தரிசன வரிசையில் மணிக்கணக்காகக் காத்திருக்கையில், வீட்டில் சாதுவாக இருப்பவர் மனைவியிடம் சீறி விழுகிறார். கை எதையோ தேடுகிறது. நெற்றி கனக்கிறது. இரவில் தங்கும் விடுதியில் உறக்கம் கலைந்து எழுந்து உட்காருகிறார். சிலர் இதைப் பசி என்பார்கள். சிலர் மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்பார்கள். கீழே இறங்கி ஒன்றைப் பற்றவைத்ததும் எல்லாம் தெளிந்துவிடும். ஆகவே அது பசியுமன்று, காற்றுமன்று. இந்த எளிய உண்மையை மருத்துவ உலகம் ஏற்றுக்கொள்ள எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையே இங்கே சொல்லப் புகுகிறோம்.

புகையிலை நமது நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வழியாக வந்தது. அக்பரின் இறுதிக்காலத்தில் அரண்மனைக்குள் புகுந்தது. அவருடைய மகன் ஜஹாங்கீர் 1617-இல் அதைத் தடைசெய்து ஆணையிட்டும் பயனில்லை. தமிழகத்தில் அதற்குக் கிடைத்த வரவேற்போ தனி. அன்னத்தையும் மேகத்தையும் தூதுவிட்ட புலவர் மரபிலே, பழனி முருகனிடம் புகையிலையைத் தூது அனுப்பி, 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடிவிட்டார் சீனிச்சர்க்கரைப் புலவர். நமது 'சுருட்டு' என்னும் சொல்லை ஆங்கிலேயர் தங்கள் மொழிக்கே எடுத்துச் சென்று 'செரூட்' ஆக்கிக்கொண்டனர். ஏற்றுமதியில் பெருமைப்படத்தக்கதுதானா என்பதை நேயர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1828-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் போசெல்ட், ரைமான் என்னும் இருவர் புகையிலையின் சாரத்தைப் பிரித்தெடுத்தனர். பிரெஞ்சு அரசவைக்குப் புகையிலையை அறிமுகப்படுத்திய ழான் நிக்கோ என்பவரின் பெயரால் அதற்கு நிக்கோட்டின் என்று பெயர் வழங்கலாயிற்று. அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல், புகைப்பது ஒரு பழக்கம், விட முடியாதவன் மனவுறுதி அற்றவன் என்பதே படித்தவர், பாமரர் எல்லோருடைய எண்ணமும்.

அந்த எண்ணத்தை முதலில் அசைத்துப் பார்த்தவர்களுள் ஒருவர் லெனாக்ஸ் ஜான்ஸ்டன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு டாக்டர். அவர் நிக்கோட்டினைத் தம் உடலிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். முன்வந்த வேறு சிலருக்கும் ஏற்றிப் பார்த்தார். ஊசி போட்டவுடன் புகைக்கும் வேட்கை அடங்கியது. சில நாட்களில் சிகரெட்டைவிட ஊசியே போதும் என்றாகிவிட்டது. ஊசியை நிறுத்தியபோது அதே ஏக்கம் தலைதூக்கியது. ஆக, மனிதன் நாடுவது புகையை அன்று, அதனுள் இருக்கும் மருந்தை என்று 1942-இல் 'லான்செட்' இதழில் எழுதினார். உலகப் போரின் நடுவே அதைக் கேட்பாரில்லை. போருக்குப் பின்னும் நெடுங்காலம் நிலைமை மாறவில்லை. புகைத்தல் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகறியச் சொன்ன 1964-ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கைகூட, புகைத்தலை வெறும் பழக்கம் என்றுதான் வகைப்படுத்தியது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு, புகையிலையை விட்டவர்க்கு நேரும் துன்பங்களை ஒரு தனிநிலையாகப் பதிவுசெய்தது. 1988-இல் தலைமை மருத்துவரின் மற்றோர் அறிக்கை, அபினியிலிருந்து செய்யும் ஹெராயின் எவ்வாறு மனிதனைப் பிணிக்கிறதோ அவ்வாறே நிக்கோட்டினும் பிணிக்கிறது என்று ஐயத்திற்கு இடமின்றிச் சொல்லிற்று.

இந்த ஆண்டுகளை நாம் மறவாமல் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு.

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராய் இருந்த ஊர். 1960-இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்த பின்னும், சித்தூர்த் தமிழர்கள் ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பது அங்கேதான். நம் தாய்மாமன் ஒருவர் சித்தூரில் நாள்தோறும் எட்டுச் சுருட்டுப் பிடிப்பவர். 1991-இல் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், விரதம் பூண்டு சுருட்டை அறவே விட்டார். மூன்றாம் நாள் எரிந்து விழுந்தார். அதை வீட்டார் பொறுத்துக்கொண்டனர். ஐந்தாம் நாள் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் புண் கண்டது. மலம் கட்டிற்று. ஒரு வாரம் ஆனபோது, என்றும் இல்லாதவாறு சளியும் இருமலும் வந்தன. "சுருட்டுப் பிடித்தபோது இப்படியா இருமினாய், அப்பா?" என்று பாட்டி அழுதாள். பத்து வயதுப் பையனான நாம் பக்கத்தில் நின்றோம். ஒன்பதாம் நாள் மாலை, சுருட்டை விட்டதனால்தான் உடம்பு கெட்டது என்று வீடே முடிவுக்கு வந்து, பாட்டியே தன் கையால் ஒரு சுருட்டை எடுத்துக் கொடுத்தாள். சுவாமியிடம் குறை நேர்ந்ததற்குத் தனியே ஒரு முடிப்பும் முடிந்து வைத்தாள். அதன்பின் அவர் விட முயலவேயில்லை. ஆறு ஆண்டுகளில் நுரையீரல் நோயால் காலமானார். 1988-ஆம் ஆண்டு அறிக்கை வெளிவந்து அப்போது மூன்றாண்டு ஆகியிருந்தது. அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை.

பாட்டியைக் கொண்ட அச்சத்தின் ஒவ்வொரு குறிக்கும் இன்று காரணம் சொல்லலாம். இழுத்த புகையிலுள்ள நிக்கோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பிகள், பல ஆண்டுப் பழக்கத்தால் எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. இரத்தத்தில் நிக்கோட்டின் ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆகவே நாளொன்று கழிவதற்குள் அந்த ஏற்பிகளெல்லாம் வெறுமையாய் நின்று ஓலமிடத் தொடங்கும். சினம், பதற்றம், மனம் ஒன்றாமை, உறக்கமின்மை யாவும் அந்த ஓலமே. முதல் வாரத்தில் உச்சத்தை அடைந்து, இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். மூச்சுக்குழலின் உட்புறத்தில் சளியை மேலே தள்ளும் நுண்ணிய இழைகள் உண்டு. புகையால் அவை செயலற்றுக் கிடக்கின்றன. புகை நின்றதும் மீண்டும் இயங்கி, தேங்கிய சளியை வெளியேற்ற முனைகின்றன. அதனால் சிலருக்குச் சின்னாள் இருமல் மிகுகிறது. வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும்கூட விட்டவர்களில் ஒரு பகுதியினர்க்கு வந்து போவன என்று ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. ஆக, மாமனுக்கு வந்தது நோயன்று. நோயிலிருந்து வெளியேறும் வாயில். அந்த வாயிலிலிருந்தே அவரைத் திருப்பி அழைத்துவிட்டோம்.

உடல் எடை கூடுவதும் மெய்தான். நிக்கோட்டின் பசியை அடக்கி, உடல் எரிக்கும் சக்தியையும் சற்றுக் கூட்டி வைத்திருக்கும். அது நீங்கினால் பசி திரும்பும். விட்ட முதல் ஆண்டில் சராசரியாக 4 அல்லது 5 கிலோ ஏறுகிறது. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று காப்பி. புகையிலுள்ள சில பொருள்கள், காப்பியின் கபீனைக் கல்லீரல் விரைவாகச் சிதைக்கும்படி தூண்டிவிடுகின்றன. புகை நின்றால் அந்தத் தூண்டுதலும் நின்றுவிடும்; அதே நான்கு தம்ளர் காப்பியினால் இரத்தத்தில் தங்கும் கபீன் ஏறக்குறைய இரு மடங்காகும். கை நடுக்கத்திற்கும் தூக்கமின்மைக்கும் புகையை விட்டதன் மேல் பழி சுமத்துகிறோம். பாதிப் பழி டபராவைச் சேர வேண்டியது.

மண்டல விரதம் வகுத்த முன்னோர் இவற்றை அறிந்து வகுத்தார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அப்படிச் சொல்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. ஆயினும் 48 நாள் என்பது, உடலின் துன்பம் அடங்கத் தேவையான காலத்தைத் தாராளமாகத் தாண்டியே நிற்கிறது. மாலையைக் கழற்றிய அன்றே பற்றவைப்பவரை அழைப்பது உடலின் ஓலமன்று. தேநீர்க் கடையும், தோழரும், உண்ட பின் வரும் பழைய நினைவுமே.

சகித்துக்கொள்வதால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்க்கு ஒரு கணக்கு. அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில் 1915 முதல் காசநோய் மருத்துவமனை ஒன்று இயங்கலாயிற்று. தென்னாடெங்குமிருந்து நோயாளிகள் அங்கே சென்றார்கள். காசத்திற்கும் புகைக்கும் உள்ள உறவைத் துல்லியமாகக் காட்டிய ஆய்வோ தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமியும் அவருடன் ஆராய்ந்தவர்களும் 2003-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆண்களின் காசநோய் மரணங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைத்தல் காரணம் என்பது அவர்கள் கண்டது.

புகைக்க முடியாத இடத்தில் புகைப்பவன் என்ன செய்கிறான் என்ற கேள்வி, சுவீடனில் ஒரு மருந்துக்கே வழிவகுத்தது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க இயலாத மாலுமிகள் புகையிலையை மென்று சமாளிப்பதை 1967-இல் லுண்ட் நகர ஆய்வாளர்கள் கவனித்து, ஓவே ஃபெர்னே என்ற மருந்து வல்லுநருக்கு எழுதினர். அதிலிருந்து பிறந்த நிக்கோட்டின் மெல்லும் பசைக்கு 1978-இல் சுவிட்சர்லாந்து முதலில் அனுமதி அளித்தது. நம் நாட்டு மருந்துக் கடைகளிலும் அது கிடைக்கிறது. டில்லியிலுள்ள வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில், 2016 முதல் தொலைபேசி வழியே அறிவுரை கூறும் சேவையும் நடைபெற்று வருகிறது.

மாமனின் கதையை அறிந்திருந்தும், டில்லியில் கோப்புகளை மொழிபெயர்க்கும் நாமும் இருபது ஆண்டு புகைத்தவர்களே. 2017-இல் திருமலையில் இரண்டு நாள் தங்க நேர்ந்தது. வேறு வழியின்றிப் புகைக்காமல் இருந்த அந்த இரண்டு நாட்களை, கீழே இறங்கிய பின் மூன்றாக்கினோம். திரும்பும் ரயிலில் ஐந்தாம் நாள் வாயில் புண் வந்தது. பத்தாம் நாள் இருமல். நாட்குறிப்பில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு, பாட்டி எண்ணிய நாட்களையே நாமும் எண்ணினோம். காப்பியைப் பாதியாகக் குறைத்தோம். நான்காம் வாரத்தில் குறிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

கனவு மட்டும் நின்றபாடில்லை. விட்டவர்களுக்கு இது பொதுவாம். அலிபிரிக் கடையோரம் நின்று மறதியாக ஒன்றைப் பற்றவைத்துவிட்டதாகக் கனவு வரும். குற்றவுணர்வோடு திடுக்கிட்டு விழிப்போம். இருட்டில் விரல்களை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வோம்.