கூலன்ட் கசிவு: மாற்றியமைத்த பைக் எஞ்சின்

லிக்விட் கூல்டு எஞ்சினில் ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் வழியே கூலன்ட் வெளியேறும் பழுது. சென்னையின் ராயல் என்ஃபீல்டு இவ்வகை எஞ்சினை 2023இல் ஹிமாலயன் 450இல் கொண்டுவந்தது. சிலிண்டர் போரைப் பெரிதாக்கினாலோ ஹெட்டை இழைத்தாலோ கேஸ்கட்டின் சுமை கூடும். திருப்போரூர், மாமல்லபுரம் பக்கத்து உப்புக்காற்றும் அலுமினிய ரேடியேட்டரை அரிக்கும்.

கண்டறிதல்: எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அதில் குறித்த அழுத்தத்துக்கு பிரஷர் டெஸ்டரால் காற்றேற்ற வேண்டும். முள் இறங்கினால் கசிவு உண்டு. பம்பின் அடித்துளையில் கூலன்ட் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போய்விட்டது. ஆயில் பால் டீ நிறமானால் கூலன்ட் கலந்திருக்கலாம். வண்டியை எடுக்கவே கூடாது.

சரிசெய்தல்: புது சீல், கேஸ்கட் போட்டு, ஹெட்டின் சமதளம் பார்த்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் உரிய வரிசையில் முறுக்கி, காற்றை வெளியேற்றிக் கூலன்ட் நிரப்ப வேண்டும். அலட்சியம் செய்தால் ஓடும்போதே எஞ்சின் ஜாமாகி உயிருக்கு ஆபத்தாகலாம்.