உவர் நிலத்தில் களர்பாலை: விதை எங்கே வாங்குவது, நெல்லை எங்கே விற்பது?

மரக்காணம் உப்பளங்களை ஒட்டியும் கழுவெளி ஏரி ஓரத்திலும் நிலம் வைத்திருப்பவர்களுக்கு உவர் புதிதல்ல. களர்பாலை, குழியடிச்சான் போன்ற மரபு ரகங்கள் உவரைத் தாங்கும். ஆனால் விதைக்கும் முன்பே விற்கும் இடத்தை முடிவு செய்யுங்கள். மரபு நெல் போட்டவர்கள் நட்டப்படுவது பெரும்பாலும் வயலில் அல்ல, விற்பனையில்தான்.

முதலில் மண் பரிசோதனை. மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருந்தால் அது உவர் நிலம். உவர் இல்லாத வயலில் மரபு ரகத்தை வலிந்து போட வேண்டியதில்லை.

விதைக்குத் தன்னார்வலர்களே நல்ல வழி. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கியவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். பணம் கைமாறாமலே விதை பெருகியது. அவர் 2018-ல் மறைந்தார். 2021-22 வேளாண் பட்ஜெட்டில் அரசு அவர் பெயரிலேயே மரபு நெல் பாதுகாப்பு இயக்கத்தை அறிவித்தது. எனவே வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலும் விதை இருப்பைக் கேளுங்கள். 2 கிலோ ஏக்கருக்குப் போதாது. முதல் பருவம் விதை பெருக்க மட்டுமே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பனையில்தான் கணக்கு மாறுகிறது. அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் 2025-26 பருவத்துக்கு ஊக்கத்தொகை சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்னரகம் 2,545 ரூபாய், பொதுரகம் 2,500 ரூபாய். வியாபாரி விலையை இடித்தாலும் இந்த விலை உங்களுக்கு உண்டு. ஆனால் அங்கே களர்பாலைக்கென்று தனி விலை கிடையாது. விளைச்சலும் குறைவு என்பதால் கட்டாது. நல்ல வயலில் விளைந்த சாதாரண சம்பாவை அங்கே கொண்டு போங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் காயவைத்து, சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு போனால் அலைச்சல் குறையும்.

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏல விலையைக் கேட்டு ஒப்பிடலாம். விவசாயியிடம் அங்கே தரகு பிடிப்பதில்லை.

களர்பாலையை நெல்லாக விற்காமல் அரிசியாக்குங்கள். 100 கிலோ நெல்லுக்கு 60 முதல் 65 கிலோ அரிசி தேறும். அரவைக் கூலி, சாக்கு, வண்டி வாடகை எல்லாம் போட்டு அடக்கவிலை பாருங்கள். இயற்கை அங்காடி நடத்தும் நண்பர்கள் ஆசையாகக் கேட்பார்கள். எத்தனை கிலோ, எந்த மாதம், பணம் எப்போது என்று எழுதி வாங்குங்கள். அவர்களுடைய நல்லெண்ணம் உண்மைதான். ஆனால் பத்து மூட்டைக்கு மேல் அவர்களால் எடுக்க முடியாமல் போகலாம். அதற்கு மேல் விளைந்தால் நாலைந்து பேர் சேர்ந்தோ உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் வழியாகவோ விற்கலாம். அரிசியைப் பையில் போட்டு விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள்.