வணிகக் கணிப்பொறியும் மாறிய பெயர்களும்

கடைப் பெயரை மாற்றும் வணிகர், பழைய வாடிக்கையாளர் வழி தவறாதபடி பார்த்துக்கொள்வது வழக்கம். அம்முன்னெச்சரிக்கை குறைந்தமையால் நல்லதொரு பொறி எத்தகைய இடருக்கு உள்ளாயிற்று என்பதை ஐ.பி.எம். நிறுவனத்தின் வணிகக் கணிப்பொறி ஒன்றன் வரலாறு காட்டுகின்றது.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் அந்நிறுவனத்தின் கூடம் ஒன்று உண்டு. சிஸ்டம் 36, சிஸ்டம் 38 என்னும் இருவகைப் பொறிகள் அங்கே உருவாயின. ஒன்றற்கென எழுதிய நிரல் மற்றொன்றில் ஓடாது. இரண்டையும் பயன்படுத்தியோரை ஒரு குடைக்கீழ்க் கொணரப் படைக்கப்பெற்றதே ஏ.எஸ். 400. 1988 ஜூன் 21 ஆம் நாள் அது உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

அதன் சிறப்பு அமைப்பில் இருந்தது. தரவுத்தளத்தைத் தனியே வாங்க வேண்டுவதில்லை. இயக்க முறைமைக்குள்ளேயே அது அடங்கியிருந்தது. நிரலுக்கும் செயலிக்கும் இடையே ஓர் அடுக்கை அமைத்திருந்தனர். ஆதலால், 1995 ஆம் ஆண்டில் 64 பிட் செயலி புகுத்தப்பட்டபோதும் பழைய நிரல்களைப் புதிதாக எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் எழவில்லை. கணக்கரும் கிடங்குக் காப்பாளரும் மாற்றத்தை உணராமலே தம் பணியைத் தொடர்ந்தனர்.

பொறியின் உள்ளம் இவ்வாறு மாறியபோது நிலைத்திருந்த பெயர், பின்னர் மாறலாயிற்று. 1997 இல் ஏ.எஸ். 400 இ என்றனர். 2000 இல் தம் பொறிகள் அனைத்தையும் ஒரே குடும்பமாகக் காட்ட விரும்பி, இதனை ஐ சீரீஸ் என்றனர். 2004 இல் ஐ 5. 2006 இல் சிஸ்டம் ஐ. 2008 இல் இதனையும் உடன்பிறந்த மற்றொரு பொறிவரிசையையும் பவர் சிஸ்டம்ஸ் என ஒன்றாக்கினர்; இயக்க முறைமைக்கு ஐ.பி.எம். ஐ என்று பெயரிட்டனர். பொறி வேறு, இயக்க முறைமை வேறு என்று பிரித்தது முறையே. ஆயினும் பழகிய பெயர் அதற்குள் சிதறிப் போயிருந்தது.

விளைவு எளிதன்று. ஓரெழுத்துப் பெயரைக் கொண்டு வேலை தேடும் இளைஞர் எதனைக் கண்டுபிடிப்பார்? பழைய பெயரைச் சொன்னாலோ, 1988 ஆம் ஆண்டுப் பொறி இன்னும் எதற்கு என்று புதிய மேலாளர் வினவுவார். உயிருள்ள பொறியை இறந்ததாகக் கருதி அகற்றிவிடும் அபாயம் நேர்ந்தது.

அப்போது பயனாளரே பரப்புரையாளராயினர். 1960 இல் தோன்றிய 'காமன்' என்னும் பயனாளர் சங்கத்தின் கூட்டங்களில், போதிய விளம்பரம் இல்லையே என்று நிறுவனத்தாரிடம் முறையிட்டனர். ஜப்பானில், மென்பொருள் வணிகர்கள் கைப்பொருள் திரட்டி விளம்பரம் செய்ய முற்பட்டனர். 'ஐ மேனிஃபெஸ்ட்' என்னும் அவ்வியக்கம் பின்னர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் பரவியது. எந்தப் பெயரைச் சொல்லிப் பரப்புவது என்பதிலோ அவர்களுக்குள்ளேயே பிணக்கு. பழம் பெயரை விடுங்கள் என்றனர் சிலர்; மக்கள் அறிந்த பெயர் அதுவன்றோ என்றனர் சிலர்.

2025 இல் ஐ.பி.எம். ஐ முறைமையின் 7.6 ஆம் பதிப்பு வெளியாயிற்று. விளம்பரம் குன்றிய காலத்தும் அதனைத் தாங்கியவர்கள், அதன்மீது தம் தொழிலையே ஏற்றி வைத்தவர்கள். பெயரிடும் உரிமை நிறுவனத்தாருக்கு உண்டு. அப்பெயரை வழங்க வேண்டியவர்களையும் கலந்துகொண்டு பெயரிடுவது அறிவுடைமையாகும்.