ஆகஸ்ட் மாதமும் ஓர் அமெரிக்க முழங்காலும்

ஆடி போய் ஆவணி வந்தால் நமக்குக் கல்யாண சீசன். அமெரிக்காவில் அதே ஆகஸ்டில் வேறொரு காய்ச்சல் அடிக்கும். கல்லூரி ஃபுட்பால்!

நம்ம ஊர் கால்பந்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒருத்தன் ஓடுவான், பதினொரு பேர் சேர்ந்து அவனை அமுக்குவார்கள். சடுகுடுவையும் ஜல்லிக்கட்டையும் கலந்து, ஆளுக்கொரு ஹெல்மெட் மாட்டிவிட்ட மாதிரி இருக்கும். ஆடுகிறவர்கள் 18 முதல் 22 வயதுப் பிள்ளைகள். பார்க்க வருகிற கூட்டம்தான் மயக்கம் வரவைக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம்.

என் அக்கா பையன் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். 2016 ஆகஸ்டில் நான் நாக்பூரிலிருந்து ஸ்கைப்பில் கூப்பிட்டால், படிப்பைப் பற்றி இரண்டு வார்த்தை, பிறகு முழுக்க ஒரு முழங்காலைப் பற்றித்தான் பேச்சு. "மாமா, சப் ஆடுவானா மாட்டானான்னு இங்க ஊரே பேசுது" என்பான். நமக்கு இந்த ஆட்டமே தெரியாது. ஆனால் ஒரு பையனின் முழங்காலை ஒரு மாநிலமே கணக்குப் போடுகிறது என்றால் வங்கிக்காரனுக்குக் கை சும்மா இருக்குமா? அன்று படிக்க ஆரம்பித்ததுதான்.

நிக் சப், பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிற ஆள். ரன்னிங் பேக் என்பார்கள். 2014-லும் 2015-லுமாகத் தொடர்ந்து 13 ஆட்டங்களில் நூறு கெஜத்துக்குக் குறையாமல் ஓடி, ஹெர்ஷல் வாக்கரின் கல்லூரிச் சாதனையைச் சமன் செய்திருந்தான். 2015 அக்டோபர் 10, டென்னசி அணியுடன் ஆட்டம். ஜார்ஜியா பந்தைத் தொட்ட முதல் ஓட்டத்திலேயே இடது முழங்கால் மடங்கிவிட்டது. முழங்காலுக்குள் பெருக்கல் குறி மாதிரி குறுக்கே இரண்டு ஜவ்வு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, ஆக நான்கு. அதில் மூன்று கிழிந்து, முன்பக்கக் குறுக்கு ஜவ்வு மட்டும் தப்பித்தது. ஏ.சி.எல். என்று கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி காதில் விழுமே, அதுதான் இந்த முன்ஜவ்வு.

அடுத்த ஆகஸ்டில் புதுப் பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட். சப்புக்கு அடுத்த ஆளான சோனி மிஷெல் ஜூலையில் கையை உடைத்துக்கொண்டு நிற்கிறான். அப்படியானால் முதல் ஆட்டத்தில் யார் ஓடுவது? குத்துச்சண்டை ஹோலிஃபீல்டின் மகன் எலைஜா அந்த வருடம்தான் சேர்ந்திருக்கிறான், அவனா? வேறு புதுப் பையன்களா? இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் முதல் ஆள், இரண்டாம் ஆள் என்று எழுதி வைக்கிற பட்டியலுக்கு டெப்த் சார்ட் என்று பெயர். ஆகஸ்ட் முழுக்க அமெரிக்கச் சிற்றூர்களில் நடப்பது இந்தப் பட்டியலை ஊகிக்கும் வேலைதான்.

செப்டம்பர் 3, அட்லாண்டா. சப் ஆடினான். 32 முறை பந்தை வாங்கி 222 கெஜம் ஓடினான். வட கரோலினாவை ஜார்ஜியா 33-24 என்று வென்றது. அன்று பையன் போனில் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிற்க. இந்த ஊகம் பார்க்கும் பழக்கம் எவ்வளவு பழையது? அசோசியேட்டட் பிரஸ் 1936-லிருந்து கல்லூரி அணிகளை வாக்கெடுத்து வரிசைப்படுத்துகிறது. 1950-லிருந்து சீசன் தொடங்கும் முன்பே ஒரு வரிசை. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் முதலிடம்! தேர்தலுக்கு முன் மந்திரிசபை அமைப்பது நமக்கு மட்டும் வாய்த்த கலை இல்லை போலிருக்கிறது.

அதே 1950-ல் இன்னொன்றும் நடந்தது. ஓக்லஹோமா பல்கலைக்கழக அணியின் மருத்துவர் டான் ஓடோனஹ்யூ, முழங்கால் ஜவ்வு கிழிந்தால் காத்திருக்காமல் உடனே ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்று கட்டுரை எழுதினார். அதற்கு முன் பெரும்பாலும் மாவுக்கட்டும் பிரார்த்தனையும்தான். அமெரிக்க விளையாட்டு மருத்துவத்தின் ஒரு பெரிய பகுதி இப்படிக் கல்லூரி மைதானத்து ஓரத்தில் வளர்ந்தது.

ஆனால் ஆபரேஷன் என்பதும் அந்தக் காலத்தில் அரைகுறை வைத்தியம்தான். ஜோ நேமத் கதையைக் கேளுங்கள். அலபாமா அணியின் நட்சத்திரம். 1964 அக்டோபரில் யாரும் தொடாமலே அவர் முழங்கால் மடங்கியது. ஆரஞ்ச் பவுல் ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு பயிற்சியில் மறுபடியும். 1965 புத்தாண்டு இரவில், முதலில் வேறொருவரை இறக்கினார்கள், பிறகு நேமத் நொண்டிக்கொண்டே வந்தார். டெக்சஸிடம் 21-17 என்று தோற்றார்கள். சிறந்த ஆட்டக்காரர் விருது மட்டும் அவருக்கு. நியூயார்க் ஜெட்ஸ் அணி 4,27,000 டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. அந்த மாதமே ஆபரேஷன். அதே வருடம் ராணுவம் அவரைப் பரிசோதித்து, முழங்கால் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது. வியட்நாம் போகத் தகுதியில்லாத கால் ஜெட்ஸுக்கு எப்படித் தகுதியாகும் என்று ஒரு சண்டை கிளம்பியது. 1969 ஜனவரியில் அதே காலோடு சூப்பர் பவுல் வென்றார். 1992-ல் இரண்டு முழங்கால்களையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைத்துக்கொண்டார்.

நேமத்துக்குப் பணமாவது வந்தது. மற்றவர்களுக்கு? என்னை உறுத்தியது இந்த இடம்தான். முழங்காலைத் தைக்கக் கற்றுக்கொண்ட வேகத்தில், முழங்கால் போனால் நஷ்டம் யாருடைய கணக்கில் என்பதை அந்த நாடு தீர்க்கவில்லை.

1950-களில் இது நீதிமன்றம் போனது. டென்வர் பல்கலைக்கழகத்தில் பயிற்சியின்போது முதுகில் அடிபட்ட நெமத் என்ற மாணவருக்கு (நம்ம நேமத் இல்லை, வேறு ஆள்), தொழிலாளி என்ற கணக்கில் இழப்பீடு உண்டு என்று 1953-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் 1955-ல் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ரே டெனிசனின் மனைவிக்கு, கல்லூரி ஒன்றும் ஃபுட்பால் வியாபாரம் செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் 1957-ல் கையை விரித்தது. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. சங்கம் 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டது இந்தக் காலத்தில்தான். இழப்பீட்டு வழக்குகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லை உருவாக்கினோம் என்று சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸே 1995-ல் எழுதிய புத்தகத்தில் ஒப்புக்கொண்டார். பேரேட்டில் ஒரு செலவை வேறு தலைப்பில் எழுதி மறைப்பதை நாங்கள் ஆடிட்டில் பார்ப்பதுண்டு. இது அகராதியிலேயே செய்த வேலை.

1973-ல் இன்னும் ஒரு படி. அதுவரை நான்கு வருடம் கொடுக்க முடிந்த உதவித்தொகையை ஒரு வருடம் என்று ஆக்கினார்கள். நம்ம சி.சி. லிமிட் மாதிரி வருஷா வருஷம் ரினியூவல். கடைக்காரருக்கு ஸ்டாக் குறைந்தால் லிமிட் குறையும். இங்கே ஸ்டாக் என்பது முழங்கால். ஆகஸ்ட் டெப்த் சார்ட்டில் மூன்றாவது, நான்காவது இடத்துக்கு இறங்கிய பையன், அடுத்த ஜூலையில் படிப்புக்கே காசு கிடைக்குமா என்று யோசிக்க வேண்டிய நிலை. பல வருட உதவித்தொகைக்கு மறுபடி அனுமதி வந்தது 2012-ல்தான். ஆட்டத்தில் சோடை போனதற்காக உதவித்தொகையை நிறுத்தக்கூடாது என்று ஐந்து பெரிய கூட்டமைப்புகள் விதி போட்டது 2015-ல்.

இதற்கிடையில் மருத்துவர்கள் வெகுதூரம் போய்விட்டார்கள். சின்னத் துளை வழியாகக் கேமராவை விட்டு மூட்டைப் பார்க்கும் முறையை டோக்கியோவில் வாதனாபே வளர்த்தெடுத்தார். கிழிந்த முன்ஜவ்வைத் தைப்பதை விட்டுவிட்டு, சொந்த உடம்பிலிருந்தே ஒரு பட்டையை எடுத்துப் புது ஜவ்வாக வைக்கும் முறை வழக்கமானது. எனக்கு ரொம்பப் பிடித்தது இண்டியானாபொலிஸ் கதை. 1980-களில் ஆபரேஷனுக்குப் பிறகு காலை அசைக்காதே, ஊன்றாதே என்று வாரக்கணக்கில் கட்டுப்பாடு இருக்கும். டாக்டர் ஷெல்போர்னும் பிசியோதெரபிஸ்ட் நிட்ஸும் கவனித்தார்கள்: சொல்பேச்சு கேட்காமல் சீக்கிரம் நடக்க ஆரம்பித்தவர்களுக்குத்தான் மூட்டு நன்றாக மடங்கி நிமிர்ந்தது! 1990-ல் அதையே சிகிச்சை முறையாக எழுதினார்கள். டாக்டர் பேச்சைக் கேட்காத நோயாளிகளால் வைத்தியம் முன்னேறியது. (வீட்டில் பெரியவர்களிடம் இதைப் படித்துக் காட்டாதீர்கள்.)

ஆனால் சீக்கிரம் நடப்பது வேறு, சீக்கிரம் ஆடுவது வேறு. எங்கள் கிளையில் ஒரு இளம் அதிகாரி கபடியில் முன்ஜவ்வைக் கிழித்துக்கொண்டார். நாலாவது மாதம் "வலியே இல்ல சார், எறங்கிடலாமா" என்று கேட்டார். அங்கேதான் சிக்கல். வைத்த பட்டைக்குள் புது ரத்தக்குழாய்கள் வளர்ந்து அது ஜவ்வாக மாற மாதங்கள் ஆகும். முதல் சில மாதங்களில் அது வலுவடைவதற்குப் பதில் பலவீனமாகிறது. வெளியே வலி இல்லை, உள்ளே வேலை முடியவில்லை. ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்குகிறவர்களுக்கு மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம் என்று இப்போதைய ஆய்வுகள் சொல்கின்றன. அக்டோபரில் அடிபட்டால் ஒன்பது மாதம் ஜூலையில் முடியும், ஆகஸ்டில் பயிற்சி முகாம். அதனால்தான் அந்த ஊர் ரசிகர்கள் பிள்ளைத்தாய்ச்சிக்கு நாள் எண்ணுகிற மாதிரி எண்ணுகிறார்கள்.

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. 2003 ஜனவரி 3, ஃபியஸ்டா பவுல் ஆட்டம். மயாமி அணியின் வில்லிஸ் மெகாஹி அந்த சீசனில் 1,753 கெஜம் ஓடியிருந்தவர். கடைசிக் கால்பகுதியில் ஒரு மோதலில் இடது முழங்காலின் மூன்று ஜவ்வுகள் கிழிந்தன. அந்த ஆட்டத்துக்குச் சற்று முன்புதான் அவர் 25 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுத்திருந்தார். இந்த பாலிசிகளின் ஏற்பாடு சுவாரசியமானது. ஆடுகிற பையனுக்குச் சம்பளம் கிடையாது, பிரீமியம் கட்ட வழியில்லை. அதனால் நாளைக்கு வரப்போகும் சம்பளத்தைக் காட்டி வங்கியில் கடன் வாங்கிப் பிரீமியம் கட்டலாம் என்று என்.சி.ஏ.ஏ. அனுமதித்திருந்தது. அதாவது, கல்லூரிக்கு வருமானம் ஈட்டித் தரும் முழங்காலை, அந்தப் பையனே கடன்பட்டுக் காப்பீடு செய்துகொள்ள வேண்டும். என் மேஜைக்கு இப்படி ஒரு ஃபைல் வந்தால் விண்ணப்பதாரரைக் கேட்பதற்கு முன் அவருடைய முதலாளியைத்தான் நான் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

மெகாஹிக்கு அந்தப் பணம் தேவைப்படவில்லை. நாலு மாதத்துக்குள் பஃபலோ அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. ஒரு வருடம் உட்கார வைத்து, 2004-ல் இறக்கியது. 1,128 கெஜம்.

எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. தென் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் 2011 அக்டோபரில் இடது முழங்காலைக் கிழித்துக்கொண்டார். 2012 ஆகஸ்ட் முழுக்க அதே கேள்வி, ஆடுவாரா? ஆடினார். முதல் ஆட்டத்தில் வாண்டர்பில்டுக்கு எதிராக 110 கெஜம். அக்டோபர் 27 அன்று டென்னசியுடன் ஆடும்போது, இந்தத் தடவை வலது முழங்கால், மூட்டே நழுவியது. இரண்டு அணி வீரர்களும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சூழ்ந்து நின்றார்கள். இரண்டு நாள் கழித்து அவருக்கு 21-வது பிறந்தநாள். சான்பிரான்சிஸ்கோ அணி நாலாம் சுற்றில் எடுத்தும், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014 நவம்பரில் ஓய்வு அறிவித்தார்.

பிள்ளைகள் கணக்குப் போடக் கற்றுக்கொண்டார்கள். 2016 புத்தாண்டு அன்று நாட்டர்டாம் அணியின் ஜேலன் ஸ்மித்துக்கு முழங்கால் போய், முதல் ஐந்துக்குள் எடுக்கப்பட வேண்டியவர் 34-வதாக எடுக்கப்பட்டார். அந்த டிசம்பரிலேயே ஃபோர்னெட், மெக்காஃப்ரி என்ற இரண்டு நட்சத்திரங்கள் தங்கள் கடைசிக் கல்லூரி ஆட்டத்துக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சுயநலம் என்று டி.வி.யில் திட்டினார்கள். எனக்கு அது சுயநலமாகப் படவில்லை. ஈடு முழுவதும் தன்னுடையது, லாபம் இன்னொருத்தருக்கு என்றால் எந்தக் கடன்தாரரும் அதைத்தான் செய்வார்.

பிறகு காற்று மாறியது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரை விளம்பரத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம். 2024 ஆகஸ்டிலிருந்து, கல்லூரி ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு வெளியேறிய பிறகும் இரண்டு வருடம் வரை மருத்துவச் செலவுக்கு என்.சி.ஏ.ஏ. காப்பீடு உண்டு. 2025 ஜூனில் ஒரு நீதிமன்றத் தீர்வு, கல்லூரிகளே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம் என்றது. முதல் வருட உச்சவரம்பு ஒரு கல்லூரிக்குச் சுமார் 2.05 கோடி டாலர். நேமத்தின் 4,27,000-ஐ நினைத்துக்கொண்டேன்.

சப் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 2017-லும் கல்லூரியிலேயே தங்கி, மொத்தம் 4,769 கெஜம் ஓடி முடித்தார். தேசிய இறுதி ஆட்டத்தில் அலபாமாவிடம் கூடுதல் நேரத்தில் 26-23 தோல்வி. தொழில்முறை ஆட்டத்தில் 2023 செப்டம்பரில் அதே இடது முழங்கால் மறுபடி போனது. 2024 அக்டோபரில் திரும்பி வந்தார்.

ஊகம் மட்டும் நின்றபாடில்லை. சூதாட்டம் பல மாநிலங்களில் சட்டபூர்வமான பிறகு, யார் ஆடுவார், யார் சந்தேகம் என்ற தகவலுக்கே விலை வந்துவிட்டது. அதனால் ஜார்ஜியா இருக்கும் எஸ்.இ.சி. கூட்டமைப்பு 2024-லிருந்து ஒவ்வொரு கூட்டமைப்பு ஆட்டத்துக்கும் மூன்று நாள் முன்பிருந்தே பட்டியல் வெளியிட வைக்கிறது. ஆகஸ்ட் முகாமுக்கு அந்தப் பட்டியல் கிடையாது. அங்கே இன்னமும், பயிற்சியாளர் பேட்டியில் "நன்றாகத் தேறி வருகிறான்" என்று சொன்னபோது சிரித்தாரா சிரிக்கவில்லையா என்று பார்த்துத்தான் ஊகிக்கிறார்கள்.