நிகழ்படத் தொகுப்பிற்கான சேமிப்பக அமைப்பு

நிகழ்படத் தொகுப்பிற்கான சேமிப்பக அமைப்பு என்பது, மேசைக் கணினியில் நிகழ்படங்களைத் தொகுப்பதற்காக வன்தட்டுகளையும், எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைத் தட்டுகளையும் பணிக்கேற்பப் பிரித்து அமைக்கும் முறையாகும். காட்சி தடைபடாமல் ஓடுவதற்கான வேகம், தட்டு பழுதானாலும் படப்பதிவு அழியாதிருக்கும் பாதுகாப்பு ஆகிய இரண்டும் இதன் தேவைகள். வேகத்தைக் கூட்டும் வழிகளுள் சில பாதுகாப்பைக் குறைக்கக் கூடியவை.

தரவு வீதம்

எவ்வளவு வேகமான தட்டு தேவை என்பதைப் படப்பதிவின் தரவு வீதமே முடிவு செய்கின்றது. 1995இல் அறிமுகமான மினி டீவி நாடாவின் பதிவு கணினியில் நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட்டு இடத்தை எடுத்தது. அதாவது மணிக்கு 13 கிகாபைட்டு. ஃபேட்32 கோப்பு முறைமையில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. ஆகவே 20 நிமிடங்களுக்கு மேற்பட்ட பதிவு துண்டு துண்டாகவே சேமிக்கப்பட்டது. என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் முறைமைகளில் இத்தடை இல்லை.

ஆப்பிள் நிறுவனம் 2007இல் வெளியிட்ட புரோரெஸ் வடிவத்தின் 422 எச்கியூ வகை, 1920×1080 அளவில் நொடிக்கு 30 சட்டகங்கள் கொண்ட காட்சிக்கு நொடிக்கு ஏறத்தாழ 27.5 மெகாபைட்டு கேட்கும். 3840×2160 அளவில் இது 110 மெகாபைட்டாக உயரும். ஒரு மணி நேரப் பதிவு 400 கிகாபைட்டை நெருங்கும். நான்கு ஒளிப்படக்கருவிகளின் பதிவுகளை ஒரே காலக்கோட்டில் ஒருசேர ஓடவிட்டால் தேவை நான்கு மடங்காகும்.

மாறாக, கைப்பேசிகள் பதியும் எச்.264 போன்ற கடுமையாகச் சுருக்கப்பட்ட கோப்புகளின் தரவு வீதம் மிகக் குறைவு. அவை திக்கித் திக்கி ஓடினால் காரணம் பெரும்பாலும் அவற்றை விரிக்கும் செயலியே. அந்நிலையில் புதிய தட்டு வாங்குவது வீண் செலவு. பதிலிக் கோப்புகளை உருவாக்கித் தொகுப்பதே தக்க வழி.

தட்டுகளைப் பிரித்தல்

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் இன்றைய வன்தட்டு, தொடர்ச்சியாகப் படிக்கையில் நொடிக்கு 150 முதல் 250 மெகாபைட்டு வரை தரும். தட்டின் உட்சுற்றுகளில் இது ஏறக்குறையப் பாதியாகக் குறையும். ஒரே தட்டில் இயங்குதளமும் படப்பதிவும் தற்காலிகக் கோப்புகளும் இருந்தால், படிக்கும் முனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு ஓயாது அலைய நேரும். ஒவ்வொரு நகர்விற்கும் ஏறத்தாழ 10 மில்லிநொடி வீணாவதால் காட்சியில் சட்டகங்கள் விடுபடும். இதனாலேயே இயங்குதளத்திற்கு ஒன்று, படப்பதிவிற்கு ஒன்று, தற்காலிகக் கோப்புகளுக்கும் முடிந்த படத்தை எழுதுவதற்கும் ஒன்று எனப் பிரிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒரே தட்டை மூன்று பகுதிகளாகப் பிரிப்பதால் இப்பயன் கிட்டாது, முனை ஒன்றுதானே.

எஸ்எஸ்டிகளில் நகரும் பாகம் இல்லை. சாட்டா இணைப்பில் இவை நொடிக்கு ஏறத்தாழ 550 மெகாபைட்டும், என்விஎம்இ வகையில் 3500 மெகாபைட்டும் அதற்கு மேலும் தருகின்றன. ஆகவே வேகத்திற்காகப் பிரிக்க வேண்டிய தேவை பெரிதும் குறைந்துவிட்டது. எனினும் மலிவான எஸ்எஸ்டிகள் பலவற்றில் விரைவாக எழுதப்படும் பகுதி சிறிதே. அது நிரம்பியதும் எழுதும் வேகம் வெகுவாக வீழும். பெட்டியில் அச்சிட்ட வேகம் நீண்ட படத்தை எழுதி முடிக்கும் வரை நீடிப்பதில்லை.

ரெய்டு

பல தட்டுகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு முறைக்கு அப்பெயரிட்டவர்கள் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்சு ஆகியோராவர். இவர்களது ஆய்வுக் கட்டுரை 1988இல் வெளியானது. ரெய்டு 1 இரு தட்டுகளில் ஒரே தரவை எழுதும். ரெய்டு 5 மூன்று அல்லது மேற்பட்ட தட்டுகளில் சமநிலைத் தரவையும் சேர்த்துப் பரப்புவதால் ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும்.

தொகுப்பாளர்களை மிகவும் ஈர்ப்பது ரெய்டு 0. இது தரவைத் துண்டுகளாக்கி இரு தட்டுகளிலும் மாறி மாறி எழுதுவதால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஆனால் ஒரு தட்டு பழுதானால் இரண்டிலும் உள்ள அனைத்தும் போய்விடும். ஓர் ஆண்டில் ஒரு தட்டு பழுதாகும் வாய்ப்பு 3 விழுக்காடு எனக் கொண்டால், இவ்விணைப்பு அழியும் வாய்ப்பு ஏறத்தாழ 6 விழுக்காடாகும். பெயரில் உள்ள சுழியம் பாதுகாப்பின் அளவையும் சரியாகவே சொல்கின்றது. மீண்டும் உருவாக்கத்தக்க தற்காலிகக் கோப்புகளுக்கு இது பொருந்தும். திரும்ப எடுக்க இயலாத படப்பதிவிற்கு ஒரே இருப்பிடமாக இதனைக் கொள்ளலாகாது.

காப்புநகல்

எந்த ரெய்டும் காப்புநகல் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு 1 இரு தட்டுகளிலும் ஒரே நொடியில் அழித்துவிடும். 1998இல் டாய் ஸ்டோரி 2 படத்தின் உருவாக்கத்தின்போது, தவறுதலாக இடப்பட்ட ஓர் ஆணையால் படத்தின் பெரும்பகுதிக் கோப்புகள் அழிந்தன. காப்புநகல் அமைப்பு ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பதும் அப்போதே தெரியவந்தது. தொழில்நுட்ப இயக்குநர் கேலின் சூசுமன் வீட்டில் பணிபுரிய வைத்திருந்த நகலிலிருந்தே அவை மீட்கப்பட்டன.

ஒளிப்படக் கலைஞர் பீட்டர் குரோ பரவலாக்கிய 3-2-1 விதி, மூன்று படிகள், இரு வகை ஊடகங்கள், ஒரு படி வேறோர் இடத்தில் என வகுக்கின்றது. வீட்டுத் தொகுப்பாளருக்கு எளிய நடைமுறை, படப்பதிவை நினைவட்டையிலிருந்து இரு தட்டுகளுக்குப் படியெடுத்து, இரண்டையும் திறந்து பார்த்த பின்னரே அட்டையை அழிப்பதாகும். நெடுங்காலச் சேமிப்பிற்கு, மின்சாரமின்றிக் கிடந்தால் மெல்லத் தரவை இழக்கக்கூடிய எஸ்எஸ்டியைவிட வன்தட்டே ஏற்றது; படப்பிடிப்பு நிறுவனங்கள் எல்டிஓ காந்த நாடாவைப் பயன்படுத்துகின்றன.