ஆக்டிவ் ஸ்பீக்கரும் பாசிவ் ஸ்பீக்கரும்

வீட்டில் இசை கேட்கும் ஸ்பீக்கர்களை ஆக்டிவ், பாசிவ் என இரு வகையாகப் பிரிக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்குள் இருந்தால் ஆக்டிவ், வெளியே இருந்தால் பாசிவ் என்பது பரவலான எண்ணம். அது பாதிதான் சரி. கீழ் அதிர்வெண்களை வூஃபருக்கும் மேல் அதிர்வெண்களை ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் கிராஸ்ஓவர், ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதே இவற்றைப் பிரிக்கும் கோடு.

பாசிவ் பெட்டியைத் திறந்தால் தடித்த செப்புக் கம்பிச் சுருள்களும் கண்டென்சர்களும் வெள்ளைப் பீங்கான் மின்தடைகளும் ஒரு பலகையில் இருக்கும். ஆம்ப்ளிஃபையர் தரும் மின்திறன் முழுதும் இவற்றைக் கடந்தே போக வேண்டும். ட்வீட்டர் பெரும்பாலும் வூஃபரைவிட உரக்க ஒலிக்கும். அதை அடக்க மின்தடைகள் கொஞ்சம் திறனை வெப்பமாக்கிக் கழிக்கின்றன. சுருளுக்கும் சிறிது மின்தடை உண்டு. அதனால் வூஃபர் கூம்பின் மீது ஆம்ப்ளிஃபையருக்குள்ள பிடி ஓரளவு தளர்கிறது.

ஆக்டிவ் முறையில் சிக்னல் வலுக்குறைந்த நிலையிலேயே பிரிக்கப்படுகிறது. வூஃபருக்கு ஓர் ஆம்ப்ளிஃபையர், ட்வீட்டருக்கு இன்னொன்று. ஸ்தாயிக்கு 24 டெசிபல் வீதம் செங்குத்தாக வெட்டும் கிராஸ்ஓவரையும் இதில் எளிதாக அமைக்கலாம். சீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸ் 1976இல் எழுதிய கட்டுரையால் பரவிய லிங்க்விட்ஸ்-ரைலி வடிகட்டி அத்தகையது. இன்று இவ்வேலையைப் பெரும்பாலும் டிஜிட்டல் சிப்பே செய்கிறது. குறைந்த சத்தத்தில் பாஸைக் கூட்டி, சத்தம் ஏறும்போது கூம்பு எல்லை மீறாமல் காக்கவும் அதனால் முடியும்.

இங்கிலாந்தின் கேஇஎஃப் நிறுவனம் 2012இல் வெளியிட்ட எல்எஸ்50 பாசிவ் வகை. ட்வீட்டரை நடுவில் கொண்ட, சுமார் 13 செ.மீ. அளவுள்ள கூம்பு, 85 டெசிபல் மட்டுமே உணர்திறன். வாங்குபவர் நல்ல ஆம்ப்ளிஃபையரைத் தேடிச் சேர்க்க வேண்டும். 2016இல் வந்த எல்எஸ்50 வயர்லெஸ் அதன் ஆக்டிவ் வடிவம். ஒவ்வொரு பெட்டியிலும் வூஃபருக்கு 200 வாட், ட்வீட்டருக்கு 30 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். பொருத்தம் தேடும் வேலையே இல்லை. சிறு பெட்டியிலிருந்து கட்டுக்கோப்பான பாஸ் வேண்டுவோருக்கு ஆக்டிவே மேல்.

ஆயுளில் பாசிவ் வெல்லும். 1970களில் பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஜோடிகள் இன்றும் புதிய ஆம்ப்ளிஃபையர்களோடு ஒலிக்கின்றன. ஆக்டிவ் பெட்டியில் ஒரு சர்க்யூட் பலகை பழுதாகி, மாற்றுப் பலகையும் கிடைக்காவிட்டால், நன்றாயிருக்கும் வூஃபரும் ட்வீட்டரும் சேர்ந்தே முடங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் மின் இணைப்பும் தேவை.

கடைகளில் ‘பவர்டு’ என்று விற்கப்படும் பல மலிவு ஜோடிகள் ஆக்டிவ் அல்ல. ஒரு பெட்டியில் மட்டும் ஆம்ப்ளிஃபையர் இருக்கும். மின் இணைப்பே இல்லாத மற்ற பெட்டிக்குச் சாதாரண இரட்டைக் கம்பி மட்டும் போனால், அது பாசிவ் ஸ்பீக்கர்தான்.