மருந்தளவு யார் கையில்? அக்பரின் ‘சங்கிராம்’ முதல் 1857 தில்லி வரை

துப்பாக்கியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் குழலின் வரலாற்றையே எழுதுகிறார்கள். இரும்பின் தரம், குழலின் நீளம், பொன் வேலைப்பாடு, செய்தவன் பெயர் ஆகியவை அருங்காட்சியகப் பேழைகளில் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் வாய்வழியே மருந்து நிரப்பிச் சுடும் துப்பாக்கியில் குறி பிசகாமைக்குக் குழல் பாதிக் காரணம் மட்டுமே. எவ்வளவு மருந்து, எந்த எடைக் குண்டு, குண்டுக்கும் குழலுக்கும் இடையே என்ன பொதி, எவ்வளவு இறுக்கம் என்பவை மறுபாதி. இந்த மறுபாதியைச் சுருக்கமாக ‘மருந்தளவு’ என்று அழைக்கிறேன். இந்த அளவை அறிந்திருந்தவர் யார், அந்த அறிவு எப்போது யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்று கேட்டால், அக்பர் காலம் தொடங்கி 1857 வரையிலான கதை சற்று வேறுவிதமாகத் தெரிகிறது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் பொறிமுறை. கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் ஏறத்தாழ 75, 15, 10 என்ற விகிதத்தில் சேர்ந்த கலவை. அது எரிந்து முடிந்ததும் எடையில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு திடப்பொருளாகவே எஞ்சுகிறது. அதில் ஒரு பகுதி புகையாக வெளியேற, மற்றது குழலின் உட்புறத்தில் கசடாகப் படிகிறது. மருந்து குறைந்தால் குண்டு சீக்கிரம் தாழும். கூடினால் உதைப்பு மிகும்; குழல் பிளக்கவும் கூடும். குண்டு தளர்வாக இருந்தால் குழலின் சுவரில் மோதி மோதி வெளியேறி, கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசை மாறும். இறுக்கமாக இருந்தால், நான்கைந்து முறை சுட்டபின் படிந்த கசடு அடுத்த குண்டை உள்ளே விடாது. மருந்துக்கும் குண்டுக்கும் இடையே வெற்றிடம் நேர்ந்தால் சுடுபவனுக்கே ஆபத்து. ஆகவே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்குரிய அளவு ஒன்று உண்டு. சுட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டறிய முடியும். நோய் தீர்ப்பதையும் குழலில் இடுவதையும் தமிழ் ‘மருந்து’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது இங்கே பொருத்தமாக இருக்கிறது. பாரசீகத்தின் ‘தாரு’ என்ற சொல்லுக்கும் இவ்விரு பொருள்கள் உண்டு.

அபுல் ஃபசலின் ‘ஆயின்-இ-அக்பரி’ துப்பாக்கிகளுக்கெனத் தனி ஆயின்களை ஒதுக்குகிறது. முன்பு இரும்புத் தகட்டை வளைத்து இரு விளிம்புகளையும் ஒட்டிக் குழல் செய்தனர். அவை அடிக்கடி விபத்துக்கு உள்ளாயின. இப்போது தகட்டைச் சாய்வாகச் சுருட்டி, மடிப்பின்மேல் மடிப்பு படியுமாறு காய்ச்சி இணைக்கிறார்கள் என்கிறார். முன்பு கால் பங்குக்கு மேல் மருந்து இட முடியாது, இப்போது வாய்வரை நிரப்பிச் சுட்டாலும் குழல் பிளப்பதில்லை என்பதும் அவர் கூற்று. அரசவைப் புகழ்ச்சிக்கு உரிய கழிவைக் கழித்துத்தான் இதை வாசிக்க வேண்டும். அடுத்து வரும் சோதனை முறை அப்படித் தள்ளத்தக்கதல்ல. குழலின் அடிப்பாகத்தை அடைப்பதற்கு முன்பே குண்டின் எடை முடிவு செய்யப்படுகிறது. நீளத் துப்பாக்கிக்கு உச்ச வரம்பு 25 டாங்க், சிறியதற்கு 15. பிறகு பழைய கட்டை ஒன்றில் பொருத்தி, குழலின் மூன்றில் ஒரு பங்கு மருந்து நிரப்பிச் சுடுகிறார்கள். கசிவு இல்லையென்றால் அடுத்த நிலை. குண்டு கோணலாகப் பாய்ந்தால், குழலைக் காய்ச்சி உள்ளே கம்பி செலுத்தி நேராக்குகிறார்கள். துப்பாக்கி முடிவுறும் ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து குண்டுகளுடன் அரசரிடம் செல்கிறது. அவர் நான்கு முறை சுட்டுப் பார்த்து, ஐந்தாவது குண்டோடு திருப்பி அனுப்புகிறார். அந்த ஐந்தாவது குண்டு, இத்துப்பாக்கிக்கு இதுவே எடை என்பதற்கான மாதிரியாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஒவ்வொரு துப்பாக்கியிலும் பொறிக்கப்பட்டவை எவை என்ற பட்டியலும் ஆயினில் உண்டு. கச்சா இரும்பின் எடை, செய்து முடித்த இரும்பின் எடை, இரும்பு வந்த இடம், கைவினைஞர், செய்த ஊர், தேதி, வரிசை எண். பல்லாயிரம் துப்பாக்கிகளிலிருந்து 105 மட்டும் அரசரின் சொந்தப் பயன்பாட்டுக்குத் தேர்வாயின. எந்தத் துப்பாக்கியால் எந்த விலங்கு வீழ்ந்தது என்பதை எழுதவும் எழுத்தர் இருந்தனர். அவற்றுள் முதலிடம் பெற்ற ‘சங்கிராம்’ வீழ்த்தியவை 1,019 என்று அப்பதிவேடு கூறுகிறது.

இவ்வளவு எழுதிய அரசு ஒன்றை மட்டும் எழுதவில்லை. வேட்டையில் சுடும்போது இடவேண்டிய மருந்தின் அளவு அப்பட்டியலில் இல்லை. உறுதியைச் சோதிக்கும் மூன்றில் ஒரு பங்கு உண்டு, குண்டின் எடை உண்டு. அன்றாட அளவு இல்லை. அது சுடுபவரின் கையிலும், பக்கத்தில் நின்று மருந்து நிரப்பிக் கொடுத்த பணியாளின் கையிலும் இருந்திருக்க வேண்டும். 1568 பிப்ரவரியில் சித்தூர் முற்றுகையின்போது அக்பர் சங்கிராமால் ஜெய்மல்லைச் சுட்ட நிகழ்ச்சியைச் சொல்லும் ‘அக்பர்நாமா’வும் இதே திசையைக் காட்டுகிறது. குண்டு தைத்ததா என்று எவரும் காண்பதற்கு முன்பே, வேட்டையில் விலங்கின்மீது குண்டு படும்போது கையில் எழும் உணர்வு இப்போதும் எழுந்தது என்று அரசர் பகவந்த் தாஸிடம் சொன்னாராம். இதை வெறும் அற்புதக் கதையாகத் தள்ள வேண்டியதில்லை. துல்லியம் பற்றிய அறிவு கையில் இருப்பதாக அரசவையே கருதியதற்கு இது சான்று.

பதிவேட்டுக்கும் நினைவுக்கும் உள்ள தொலைவையும் சங்கிராமே காட்டுகிறது. ஆயின் 1,019 என்கிறது. மகன் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில், அதே துப்பாக்கியால் தந்தை மூவாயிரம் நாலாயிரம் பறவைகளையும் விலங்குகளையும் வீழ்த்தியதாக எழுதுகிறார். சுடுவதில் தாம் தந்தையின் உண்மையான மாணவர் என்றும், ஒரே நாளில் 18 மான்களைச் சுட்டதுண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறார். தம் வேட்டைக் கணக்கையும் அவர் கூட்டச் செய்தார். 12 வயது முதல் ஆட்சியின் 11ஆம் ஆண்டு முடிவுவரை அவர் முன்னிலையில் பிடிபட்டவை 28,532. அவற்றுள் அவரே வீழ்த்தியவை 17,167. யானைமேல் அமர்ந்து சுடுவது எவ்வளவு கடினம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. புலியின் வாடை பட்டால் யானை நிலைகொள்ளாது. தமக்கு அடுத்தபடி குறிபார்ப்பதில் இணையற்றவரான மிர்சா ருஸ்தமே யானைமேலிருந்து மூன்று நான்கு முறை தவறியதுண்டு என்கிறார். அதை நூர்ஜஹானின் திறத்தைச் சொல்லவே குறிப்பிடுகிறார்: 1619இல் மதுராவுக்கருகே அவர் முதல் குண்டிலேயே புலியை வீழ்த்தினார். அதற்கு ஈராண்டு முன்பு ஆறு குண்டுகளில் நான்கு புலிகள். இன்று விமான நிலையம் இருக்கும் பாலம் அந்நாளில் முகலாயரின் மான் வேட்டைக் களம். அங்கே நிரப்பப்பட்ட துப்பாக்கிகளில் ஒன்றில்கூட மருந்தை அளந்தவர் பெயர் நமக்குக் கிட்டவில்லை.

அரசரின் துப்பாக்கிக்குக் கிடைத்த சோதனை சாதாரணப் படைவீரனின் துப்பாக்கிக்குக் கிடைத்ததா? ஔரங்கசீப் காலத்துத் தில்லியில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே வேறொரு காட்சியைத் தருகிறார். கவைக்கோலில் துப்பாக்கியைத் தாங்கி, தரையில் குந்தியிருந்து சுடும் வீரர்கள், தாடியும் இமையும் கருகிவிடுமோ என்றும், ஏதேனும் ஜின் புகுந்து துப்பாக்கியைப் பிளந்துவிடுமோ என்றும் அஞ்சினார்கள் என்கிறார். அவர் ஏளனமாக எழுதுகிறார். ஆனால் குழலின் தரமும் மருந்தின் வீரியமும் கைக்குக் கை மாறும்போது அந்த அச்சம் நியாயமானதே. வாய்வரை நிரப்பினாலும் பிளக்காத துப்பாக்கி அரண்மனைக்குள் இருந்தது. ஜின் புகுந்த துப்பாக்கி வெளியே இருந்தது.

அடுத்த மாற்றம் ரைஃபிளோடு வருகிறது. குழலின் உட்புறத்தில் சுருள் பள்ளங்களை வெட்டினால் குண்டு சுழன்று சென்று நேர்வழி பிசகாது. ஆனால் குண்டு அப்பள்ளங்களைப் பற்றிக்கொள்ள வேண்டும்; பற்றும் அளவுக்கு இறுகிய குண்டை வாய்வழியே தள்ள வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்க வேட்டைக்காரர்கள் கண்ட தீர்வு, கொழுப்புத் தடவிய துணித்துண்டில் குண்டைப் பொதிந்து திணிப்பது. கொழுப்பு வழுக்கலைத் தரும், கசடையும் இளக்கும். 1857இல் பேரரசையே உலுக்கிய கொழுப்பு, வேட்டை ரைஃபிளின் துல்லியத்துக்காகப் பிறந்த ஒரு பட்டறைத் தீர்வு.

வேட்டை ரைஃபிளின் அளவும் படை ரைஃபிளின் அளவும் எவ்வளவு விலகியிருந்தன என்பதற்கு ஓர் ஒப்பீடு. இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் 1840இல் பிரிஸ்டலின் கிப்ஸ் பட்டறையில் செய்வித்த ரைஃபிள் 21 ராத்தல் எடையுள்ளது. அதன் குண்டு 3 அவுன்ஸ், மருந்து 16 டிராம், அதாவது 1 அவுன்ஸ். மூன்று பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு மருந்து. 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டின் குண்டு ஏறத்தாழ 530 கிரெயின், மருந்து இரண்டரை டிராம், அதாவது சுமார் 68 கிரெயின். அது ஏறத்தாழ எட்டுக்கு ஒன்று. முதலாவது ஒருவர் தம் தோளுக்கும் தம் இரைக்கும் ஏற்பத் தேர்ந்த அளவு. இரண்டாவது எந்தத் தோளுக்கும் பொதுவான அளவு. என்ஃபீல்டின் குழல் விட்டம் 0.577 அங்குலம், குண்டு 0.568. அந்த நூலிழை இடைவெளியைக் கொழுப்பிட்ட காகிதம் நிரப்பியது. மருந்தும் குண்டும் பொதியும் ஒரே காகிதச் சுருளில் அடங்கியதால், வீரனுக்கு எஞ்சிய வேலை பல்லால் கிழிப்பது, கொட்டுவது, திணிப்பது. அக்பரின் பதிவேட்டில் இடம்பெறாத மருந்தளவு இப்போது தொழிற்சாலையில் முடிவாயிற்று.

அந்தத் தோட்டாவை இந்தியாவில் சோதிக்காமல் விடவில்லை. 1853இல் கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களுக்கு மாதிரித் தோட்டாக்கள் அனுப்பப்பட்டன. வெப்பத்தில் கொழுப்பு உருகுகிறதா, கெடுகிறதா என்று பார்ப்பதே நோக்கம். அவ்வாண்டு டிசம்பரில் கர்னல் டக்கர், கொழுப்பின் சேர்க்கை சிப்பாய்களின் சாதி, மத உணர்வுக்கு மாறாக இருக்கக்கூடாது என்று எச்சரித்தார். தட்பவெப்பச் சோதனை தொடர்ந்தது. எச்சரிக்கை கோப்பில் தங்கியது. 1857 ஜனவரி இறுதியில் அரசு இறங்கிவந்து, சிப்பாய்கள் தாமே விரும்பிய பொருளைத் தடவிக்கொள்ளலாம் என்று அனுமதித்தது. மருந்தளவின் ஒரு கூறு மீண்டும் வீரனின் கைக்குத் திரும்பியது. ஆனால் அதற்குள் ஐயம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவியிருந்தது. பிப்ரவரி 6 அன்று பாரக்பூர் விசாரணையில் சிப்பாய்கள் சொன்னவை கவனத்துக்குரியவை: காகிதம் விறைப்பாக இருக்கிறது, துணிபோல் கிழிகிறது, எரித்தால் கொழுப்பு வாடை வருகிறது. கிழித்தும் எரித்தும் முகர்ந்தும் பார்த்தவர்களை மூடநம்பிக்கையாளர் என்று மட்டும் எழுதிச் செல்வது எப்படிச் சரியாகும்? தங்களிடமிருந்து பறிக்கப்பட்ட சோதனையை அவர்கள் தம் கையில் எஞ்சியிருந்த வழிகளால் செய்தார்கள்.

ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 3ஆம் குதிரைப்படைப் பிரிவின் 90 பேரில் 85 பேர் தோட்டாவை ஏற்க மறுத்தனர். அவர்களுக்குத் தரப்பட்டது என்ஃபீல்டு தோட்டா அன்று, பழைய வகையே. அந்த நிலையில் எந்தத் தோட்டா என்ற வேறுபாடு பொருளிழந்திருந்தது. மே 10இல் மீரட், மே 11இல் தில்லி.

அந்தப் பொது அளவும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் லக்னோவில் போரிட்ட 93ஆம் ஹைலாண்டர் படையைச் சேர்ந்த ஃபோர்ப்ஸ்-மிட்செல், நான்கு நாள் இடைவிடாது சுட்டதில் கசடு ஏறி ரைஃபிளை நிரப்புவதே அரிதாயிற்று, உதைப்பில் தோள்கள் கன்றிக் கறுத்தன என்று பின்னாளில் எழுதினார். விரைவில் குண்டின் விட்டம் 0.55 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. நூலிழை இடைவெளி போதாது என்பதைத் தொழிற்சாலை களத்திடமிருந்தே கற்றது.

வேட்டைக்காரர் தம் அளவைத் தாமே தேடுவது இதனால் நின்றுவிடவில்லை, அது அச்சேறியது. வங்கப் படைப்பிரிவு அதிகாரியான ஜேம்ஸ் ஃபோர்சைத் 1863இல் வேட்டை ரைஃபிள் பற்றி வெளியிட்ட நூல், இந்தியக் காட்டு அனுபவத்தை அடிப்படையாகக் கொண்டது. காட்டில் தொலைவைக் கணிப்பதில்தான் பிழை நேர்கிறது. ஆகவே குண்டு தாழாமல் நேராகப் பாய வேண்டும், அதற்கு மருந்து மிகுதியாக வேண்டும் என்பது அவர் வாதம். பள்ளங்களின் முறுக்கு வேகமாக இருந்தால் மிகுந்த மருந்தின் உந்தலில் உருண்டைக் குண்டு பள்ளத்தை விட்டு வழுகும். ஆகவே முறுக்கைத் தளர்த்தி, 104 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தார். குழல், குண்டு, மருந்து மூன்றையும் ஒரே கணக்கின் உறுப்புகளாகக் கண்டு, எவரும் சரிபார்க்கும்படி எழுதியது அவர் சிறப்பு. ஐரோப்பிய அதிகாரிக்கு அந்தப் பரிசோதனை நூலாயிற்று. சிப்பாயின் பரிசோதனை விசாரணைக் கோப்பாயிற்று. முகலாயப் பணியாளின் பரிசோதனை எதுவுமாக ஆகவில்லை.

ஆனாலும் அந்த மூன்றாமவரின் அறிவு முற்றிலும் அழிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. முகலாயக் காலத்து மருந்துக் குப்பிகள் அருங்காட்சியகங்களில் ஏராளம். தந்தத்தில் மான் தலையும் சிறுத்தை உடலும் செதுக்கிய சிறு குப்பிகளைக் கலைப்பொருளாகவே இதுவரை பார்த்து வந்திருக்கிறோம். அவை பற்றவைக்கும் நுண்மருந்துக்கு உரியவை. குழலுக்கான மருந்தை அளந்த குப்பிகளையும் அளவைகளையும் தனியே பிரித்து, அவற்றின் கொள்ளளவைக் கணக்கிட்டு, ஒரே காலத்துக் குழல் விட்டங்களோடு ஒப்பிட்டால், ஆயின் எழுதாமல் விட்ட எண்ணை ஓரளவு நெருங்க முடியும். பாரசீகம் அறிந்த மாணவர் ஒருவரும் உலோகவியல் மாணவர் ஒருவரும் சேர்ந்து செய்யத்தக்க வேலை இது. ஆர்வமுள்ளவர்கள் எழுதுங்கள், பேசலாம்.